பத்தொன்பதாம் எண் புட்டி

சென்னை,
9.3.1998

அன்புள்ள அண்ணி,

முதலில் ஆதீஷுக்கு ஒரு முத்தம். இரண்டாவது முத்தம் அவன் வயிற்றுக்கு. ஏன் என்று கீழே எழுதுகிறேன்.

பொங்கலுக்கு வந்திருந்தபோது உங்களிடம் ஒரு சின்னப் புட்டியைக் கொடுத்து, குழந்தை வெளிக்குப் போனதும் கொஞ்சம் இதில் எடுத்துத் தாருங்கள், ஒரு சோதனைக்கு வேண்டும் என்றேன். என்ன சோதனை என்று நீங்களும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அதை ஐஸ் வைத்த பிளாஸ்கில் போட்டு, மடியில் வைத்துக்கொண்டு, செய்யாறு, காஞ்சிபுரம் வழியாகப் பாரிமுனை வரைக்கும் வந்தேன். பக்கத்து சீட்டு அம்மாள், "இன்னாம்மா அது, மோரா? ஒரு வாய் குடேன், நாக்கு வறண்டுகினு கீது" என்றாள். கெட்டுப்போன மோர் என்று சொல்லித் தப்பித்தேன்.

அண்ணி, நான் தேடுவது மனித உடம்பிலேயே குடியிருந்து உடம்புக்கு நல்லது செய்கிற பாக்டீரியாவை. கிருமி என்றாலே கெட்டது என்று நாம் நினைக்கிறோம். தாய்ப்பால் குடிக்கிற குழந்தையின் குடலில் இருக்கும் சில வகைகள் காவல்காரர்கள். முப்பத்திரண்டு குழந்தைகளிடமிருந்து எடுத்து வளர்த்தேன். வயிற்றில் இருக்கும் புளிப்பில் விட்டுப் பார்த்தேன், பித்த நீரில் விட்டுப் பார்த்தேன். பேதி உண்டாக்குகிற கிருமியைத் தட்டு முழுக்கப் பரப்பி, நடுவில் நம்முடையதை வைத்துப் பார்த்தேன். பத்தொன்பதாம் எண்ணைச் சுற்றி மட்டும் பெரிய வட்டம். கெட்டது அந்த வட்டத்துக்குள் காலே வைக்கவில்லை.

இதை உலர்த்திப் பொடியாக்கினால் ஒரு சிட்டிகையில் கோடி உயிர் இருக்கும். சாப்பிட்டால் நூறில் தொண்ணூறு வயிற்றுப் புளிப்பிலேயே செத்துப்போகும். மிச்சம் பத்து குடலுக்குப் போய்ச் சேர்ந்தால் போதும், பெருகிக்கொள்ளும். மற்றக் குழந்தைகளுடையதில் அந்தப் பத்தும் தேறவில்லை. பத்தொன்பதில் தேறியது. நோட்டில் இப்படி எழுதியிருக்கிறேன்: எண் 19. ஆரோக்கியமான ஆண் குழந்தை, ஆறு மாதம், தாய்ப்பால் மட்டும், ஆரணி.

உங்கள் பிள்ளைதான். இரண்டு வருஷ உழைப்பில் முதல்முறையாக ஏதோ கையில் சிக்கியிருக்கிறது. கை கால் எல்லாம் ஓய்ந்து கிடக்கிறது, ஆனாலும் உங்களுக்கு எழுதிவிட்டுத்தான் படுப்பேன். அண்ணனிடம் இப்போது சொல்ல வேண்டாம். பட்டுநூல் வாங்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி மானத்தை வாங்கிவிடுவார்.

உங்கள்,
ராஜமதி


ஆரணி,
21.3.1998

அன்புள்ள ராஜிக்கு அண்ணி எழுதுவது. நாங்கள் நலம். ஆதீஷ் தவழ ஆரம்பித்துவிட்டான், கீழே ஒரு பொருள் வைக்க முடிவதில்லை. உன் அண்ணன் கடைக்குப் போன பிறகு கிணற்றடியில் உட்கார்ந்து உன் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். பாதி புரிந்தது.

கோபப்படாதே, எனக்கு ஒன்று உறுத்துகிறது. கோடி உயிர் என்கிறாய், அடுத்த வரியிலேயே நூறில் தொண்ணூறு சாகும் என்று கறிகாய் எடை சொல்கிற மாதிரி எழுதுகிறாய். நாம் அருகனைக் கும்பிடுகிற ஜைன வீட்டுப் பிள்ளைகள். பொழுது சாய்ந்தால் வாயில் தண்ணீர்கூட வைக்க மாட்டோம், ஏதாவது பூச்சி விழுந்துவிடும் என்று. வெம்பாக்கத்தில் எங்கள் வீட்டில் கிணறு கிடையாது, கைப்பம்பு. கல்யாணமாகி இங்கே வந்த புதிதில் எனக்குக் கிணற்று வழக்கம் தெரியவில்லை. தண்ணீரை மூன்று மடிப்புத் துணியில் வடிகட்டி, துணியை அலசி, அலசின நீரை, அதில் தங்கின உயிர்களோடு, அதே கிணற்றில் திரும்ப விட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தது நீதானே. நான் மேலே நின்று சாய்த்ததற்கு, "அவ்ளோ ஒசரத்துலேர்ந்து உட்டா அதுங்களுக்கு அடிபடாதா அண்ணி, வாளிய எறக்கி தண்ணிய தொட்டப்புறம் சாய்ங்க" என்று திட்டினாய். கண்ணுக்குத் தெரியாத உயிருக்கு அடிபடுமே என்று பதறின பெண் இப்போது தட்டில் வளர்த்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். காலம்தான்.

ஆனாலும் சிரிப்பு வந்தது. முப்பத்திரண்டு பிள்ளைகளில் என் பிள்ளை முதல் என்றால் சும்மா இருக்க முடியுமா? அடுத்த வீட்டில் தறி போடுகிற முனியம்மாளிடம் சொல்லியும் விட்டேன். "படிக்கறதுக்கு முன்னாடியே புள்ள பாஸ் பண்ட்டானா, அதுவும் எதுல" என்று அவள் தறியின் பாவு இழைகளைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் நூல் இரண்டு அறுந்துபோனது.

உடம்பைப் பார்த்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு, இருட்டுவதற்கு முன்.

உன் அண்ணி,
ஜெயவதி


சென்னை,
5.7.1998

அண்ணி,

அண்ணன் ஹாஸ்டலுக்குப் போன் செய்தார். இரண்டு வாரமாகப் பேதி, வேலூரில் ஐந்து நாள் வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள், திரும்பவும் ஆரம்பித்துவிட்டது, தோல் சுருங்கிக்கொண்டு போகிறது என்று சொல்லிவிட்டு அழுதார். அண்ணன் அழுது நான் கேட்டதில்லை.

நம் தெரு சுப்பராயலு மாமா நெய்த புடவைகளைக் கடைகளில் கொடுக்க வந்திருக்கிறார். அவரிடம் பிளாஸ்கில் பதினெட்டுப் பொட்டலம் கொடுத்தனுப்புகிறேன். பத்தொன்பதாம் எண்ணை உலர்த்திப் பால் பொடியோடு கலந்தது. கடுமையான மருந்துகள் கெட்டதோடு நல்லதையும் சேர்த்து அடித்துவிடுகின்றன, அண்ணி. அவன் குடலில் இருந்த காவல்காரர்கள் போயிருப்பார்கள். இது வெளியிலிருந்து வருகிற பொருள் இல்லை. அவனுடையது அவனுக்கே திரும்பி வருகிறது.

காலையில் ஒன்று, மாலையில் விளக்கு வைக்கும் முன் ஒன்று. ஆறின தண்ணீரில் கரைத்துச் சங்கில் கொடுங்கள். கொதிக்கிற தண்ணீர் பட்டால் செத்துவிடும். டாக்டர் கொடுத்ததையும் உப்புச் சர்க்கரைத் தண்ணீரையும் நிறுத்தவே கூடாது.

இதை அனுப்புவது என் புரொபசருக்குத் தெரியாது. யாரிடமும் சொல்ல வேண்டாம்.

ராஜமதி


ஆரணி,
9.7.1998

ராஜி,

பொட்டலங்கள் வந்து சேர்ந்தன. காலையும் மாலையும் ஒன்று பிரிக்கிறேன். குழந்தை அப்படியேதான் இருக்கிறான். அழுவதற்குக்கூடத் தெம்பில்லை. எனக்கு எழுத வரவில்லை.

ஜெயவதி


சென்னை,
2.8.1998

அண்ணி,

ஆதீஷ் போய் இன்றோடு பத்தொன்பது நாள். எந்த எண்ணைக் கேட்டாலும் எனக்கு இப்போது பயமாக இருக்கிறது.

பத்தாம் நாள் நான் வந்தபோது நடந்ததை நீங்கள் பார்த்தீர்கள். அண்ணன் வாசலிலேயே மறித்தார். "உன் கிருமி என் புள்ளைய துன்னுடுச்சி. இந்த வாசப்படிய இனிமே மெறிக்காதே" என்றார். தெருவே நின்று கேட்டது. எதிர் வீட்டில் தறிச் சத்தம் நின்றுவிட்டது. அம்மா அப்பா போன பிறகு எனக்குத் தாய்வீடு என்று இருந்தது அந்த ஒரு வாசற்படிதான். நீங்கள் கதவுக்குப் பின்னால் நின்றீர்கள். உங்கள் புடவைத் தலைப்பு தெரிந்தது. நீங்கள் ஒரு வார்த்தை பேசுவீர்கள் என்று பார்த்தேன்.

எனக்கு உங்கள் மேல் கோபமில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவர் நீங்கள். ஆனால் ஒன்று மட்டும் தெரிய வேண்டும். மிகவும் நலிந்த உடம்பில், உயிருள்ள பாக்டீரியா, நல்லதே ஆனாலும், குடலைத் தாண்டி ரத்தத்தில் இறங்கிவிட வாய்ப்பு உண்டு. புத்தகத்தில் இருக்கிறது. அனுப்புகிற அவசரத்தில் நான் அதை நினைக்கவில்லை, அல்லது நினைக்க விரும்பவில்லை. பொடி கொடுத்த பிறகு அவனுக்குக் காய்ச்சல் ஏறியதா? நடுக்கம் வந்ததா? அண்ணன் சொன்னது உண்மையா பொய்யா என்பது உங்கள் ஒருவருக்குத்தான் தெரியும்.

எதுவானாலும் எழுதுங்கள். உண்மை என்றால் உண்மை என்றே எழுதுங்கள்.

ராஜமதி


சென்னை,
11.1.2001

அண்ணி,

இரண்டரை வருஷத்தில் இது ஐந்தாவது கடிதம். சுப்பராயலு மாமாவைக் கடைத்தெருவில் பார்த்தேன். உங்களுக்குப் பெண் பிறந்திருக்கிறதாம், அனுஷா என்று பெயராம். மூன்றாம் மனிதர் சொல்லித் தெரிந்துகொண்டேன். சந்தோஷம். நிஜமாகவே சந்தோஷம்.

குழந்தைகளை வைத்து ஆராய்ச்சி செய்வதை விட்டுவிட்டேன். இட்லி மாவு எப்படிப் பொங்குகிறது என்று எழுதிப் பட்டம் வாங்கிவிட்டேன். யாருக்கும் ஆபத்தில்லாத விஷயம். புரொபசர் ஏன் விட்டாய் என்று கேட்டார். அலுத்துவிட்டது என்றேன்.

பொங்கல் வருகிறது. ஹாஸ்டலில் எல்லோரும் ஊருக்குப் போகிறார்கள்.

ராஜமதி


சென்னை,
18.6.2005

அண்ணி,

பதில் வராது என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். ஆனால் இதை உங்களைக் கேட்காமல் செய்ய முடியாது.

புரொபசர் அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறார். லேப்பைக் காலி செய்கிறோம். மைனஸ் எழுபது டிகிரியில் இருக்கிற பழைய ஃப்ரீசரைப் பிரித்துக் கணக்கெடுக்கும் வேலை என் தலையில். வேண்டியதை வைத்துக்கொண்டு வேண்டாததை நீராவிக் கலத்தில் போட்டுக் கொன்றுவிட வேண்டும். அதுதான் முறை. அடித்தட்டில், பனிக்குள், கட்டைவிரல் அளவில் ஒரு புட்டி இருந்தது. மேலே என் கையெழுத்து. பத்தொன்பது.

இத்தனை வருஷம் அது அங்கே இருப்பது எனக்குத் தெரியும். கரன்ட் போகும்போதெல்லாம் ஜெனரேட்டரைப் போடச் சொல்லி ஓடுகிற முதல் ஆள் நான்தான். எதற்காக ஓடுகிறேன் என்று யாரும் கேட்டதில்லை. அதைக் கொல்ல எனக்குக் கை வரவில்லை, வளர்க்கவும் மனம் வரவில்லை. ஆதீஷைக் கொன்ற பொருளா அது, இல்லையா என்று தெரியாமலே ஏழு வருஷம் ஐஸில் வைத்திருக்கிறேன்.

அவன் உடம்பிலிருந்து வந்தது. அவன் தாய் நீங்கள். போட்டுவிடு என்றால் போட்டுவிடுகிறேன். அடுத்த மாதம் பாதி வரை காத்திருப்பேன்.

ராஜமதி


ஆரணி,
30.6.2005

ராஜிக்கு,

இந்தக் கடிதத்தை ஏழு வருஷமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். முதல் வரியைத் தாண்டியதில்லை. உன் அண்ணன் செல்போன் வாங்கிக் கொடுத்திருக்கிறார், உன் நம்பரைச் சுப்பராயலுவிடம் வாங்கியும் வைத்திருக்கிறேன், ஆனால் இதைச் சொல்ல வாய் வராது.

உன் பொடியை நான் ஆதீஷுக்குக் கொடுக்கவில்லை. ஒரு பொட்டலம்கூடக் கொடுக்கவில்லை.

எழுதிவிட்டேன். இனி மிச்சத்தை எழுத முடியும் என்று நினைக்கிறேன்.

வேலூரிலிருந்து வந்த மறுநாள் நான் மட்டும் கோயிலுக்குப் போனேன். பிள்ளை தேறும்வரை என் கையால் ஓர் உயிரும் போகாது என்று பகவான் முன்னால் சங்கல்பம் எடுத்துக்கொண்டேன். அப்புறம் விறகைத் தட்டித் தட்டி, எறும்பு இல்லை என்று பார்த்துத்தான் அடுப்பில் வைத்தேன். கூட்டிப் பெருக்கப் பயந்து, மயில் பீலியால் தள்ளினேன். அதற்கு நான்காம் நாள் சுப்பராயலு வந்து, "பத்திரமா குடுக்க சொல்லிச்சிம்மா பாப்பா, ஐசு கரையாம ஜல்தியா எட்தாந்தேன்" என்று பிளாஸ்கைக் கொடுத்தார். நான் பொட்டலத்தைப் பிரித்தேன். தண்ணீரும் ஆறவைத்திருந்தேன், சங்கும் கழுவி வைத்திருந்தேன். கொடுக்க வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன் ராஜி, அதை நம்பு. அப்போது நீ முன்னே எழுதினது நினைவுக்கு வந்துவிட்டது. ஒரு சிட்டிகையில் கோடி. நூறில் தொண்ணூறு சாகும். தொண்ணூறு லட்சம் உயிர், என் பிள்ளை வயிற்றுக்குள்ளே, என் கையால். சங்கல்பம் உடைந்தால் பிள்ளை போய்விடுவான் என்று சங்கைத் தள்ளி வைத்துவிட்டேன். கொடுக்காவிட்டால் போய்விடுவான் என்று ஏனோ தோன்றவே இல்லை.

தூக்கி எறியவும் முடியவில்லை. உயிராயிற்றே. தண்ணீரில் கரைத்து, வடிகட்டின துணி அலசும் நீரோடு சேர்த்து வாளியில் ஊற்றி, கிணற்றில் இறக்கினேன். வாளி தண்ணீரைத் தொட்ட பிறகுதான் சாய்த்தேன். காலையில் ஒன்று, பொழுது சாயும் முன் ஒன்று. பதினைந்து பொட்டலம். மூன்று மிச்சம். அவை இன்னும் என் டிரங்குப் பெட்டியில் இருக்கின்றன.

நான் பொட்டலம் பிரிப்பதை உன் அண்ணன் பார்ப்பார். கொடுக்கிறேன் என்றே நினைத்துக்கொண்டிருந்தார். பத்தாம் நாள் நீ வந்து நின்றபோது கதவுக்குப் பின்னால் நான்தான் நின்றேன். வாயைத் திறந்தால், நான் கொடுக்கவே இல்லை என்று சொல்ல வேண்டும். கொடுத்திருந்தால் பிழைத்திருப்பானா என்று அவர் திருப்பிக் கேட்பார். அதைக் கேட்க எனக்குத் தெம்பு இல்லை. பழி உன் மேல் விழுந்துவிட்டது, விழுந்தது விழுந்ததாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். நீ படித்தவள், தாங்கிக்கொள்வாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நல்லவள் மாதிரி ஊரில் நடமாடினேன்.

காய்ச்சல் வந்ததா என்று கேட்டாய். வந்தது. அது உன் பொடியால் வரவில்லை.

அந்தப் புட்டியைக் கொல்லாதே. இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. இருந்தாலும் கொல்லாதே.

ஜெயவதி


சென்னை,
9.7.2005

அண்ணி,

உங்கள் கடிதம் வந்து ஐந்து நாள் ஆகிறது. முதல் நாளே எழுதியிருந்தால் நீங்கள் படிக்க முடியாததாக இருந்திருக்கும். இப்போதும் கொஞ்சம் அப்படித்தான் இருக்கும்.

வேலூர் மருந்தை அவன் வாயில் ஊற்றினீர்களே, அதில் எத்தனை கோடி செத்தன? அதுவும் உங்கள் கைதானே? டாக்டர் எழுதிக் கொடுத்தால் பாவம் டாக்டருக்கா? அப்புறம் அந்தக் கிணறு. அந்தப் பச்சைத் தண்ணீரில் அவை எத்தனை நாள் இருந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? குளிர், பசி. ஒன்றும் பிழைத்திருக்காது. அவற்றுக்கு வாழ இருந்த ஒரே இடம் அவன் குடல்தான். மெல்ல இறக்கினீர்களாம், அடிபடாமல்.

இந்த வரிகளை அடித்துவிடலாம் என்று பேனாவை வைத்தேன். அடிக்கவில்லை. இருக்கட்டும். உங்களுக்கு ஏழு வருஷம் நான் எதையும் வலிக்கிற மாதிரி எழுதியதில்லை.

உங்கள் 98 ஜூலைக் கடிதத்தைத் தேடி எடுத்தேன். காலையும் மாலையும் ஒன்று பிரிக்கிறேன் என்று இருக்கிறது. கொடுக்கிறேன் என்று இல்லை. அன்று அவசரத்தில் நான் பார்க்கவில்லை. நீங்கள் பொய் எழுதவில்லை என்பதுகூட எனக்கு இப்போது எரிச்சலாகத்தான் இருக்கிறது.

இனி என் பங்கு. அந்தப் பொடியை நான் அனுப்பியிருக்கவே கூடாது. அதுவரை எந்த மனிதரும் அதைச் சாப்பிட்டதில்லை. தட்டில் வட்டம் போட்டதை நம்பி, சாகக்கிடந்த குழந்தைக்குத் திருட்டுத்தனமாக அனுப்பினேன். நீங்கள் கொடுத்திருந்தால் பிழைத்திருப்பானா? எனக்குத் தெரியாது. அதனால் செத்துமிருக்கலாம். நீங்கள் ராத்திரி பகலாகப் பயந்து கிடந்த கேள்விக்கு, படித்தவள் என்று நீங்கள் சொல்கிற நான் தரக்கூடிய பதில் இவ்வளவுதான். தெரியாது, அண்ணி. யாருக்கும் தெரியாது. அந்தக் கேள்வியைக் கீழே வையுங்கள்.

ஆனால் நான் அவனைக் கொல்லவில்லை என்பது மட்டும் இப்போது தெரிகிறது. அது தெரியாமல் ஏழு வருஷம் சோறு தின்றிருக்கிறேன். ஒரு குழந்தையைத் தூக்கச் சொன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

அண்ணனிடம் சொல்லுங்கள். எனக்காக வேண்டாம், உங்களுக்காக என்று எழுதத்தான் வந்தேன். அது பொய். எனக்காகத்தான். எனக்குப் போக ஒரு வீடு வேண்டும். ரொம்பக் களைத்துப்போயிருக்கிறேன்.

ராஜமதி


ஆரணி,
26.7.2005

ராஜி,

சொல்லிவிட்டேன்.

கடையிலிருந்து வந்து கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார். அங்கேதான் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. முழுக்கச் சொன்னேன், மூன்று பொட்டலத்தையும் எடுத்து வந்து துவைக்கிற கல் மேல் வைத்தேன். சொம்பைக் கீழே வைத்துவிட்டு ஒரு பொட்டலத்தை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "அப்ப ராஜி ஒண்ணும் பண்ல" என்றார். பண்ணவில்லை என்றேன். "ஏழு வருசமா அவள தொரத்தி உட்டுட்டு நான் பாட்டுக்கு துன்னுகினு தூங்கிகினு கீறேன்" என்றார். அவ்வளவுதான். நான் பயந்த கேள்வியை அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நீ எழுதிக் கொடுத்த பதிலைச் சொல்லியிருப்பேன், மனப்பாடம் செய்துவைத்திருந்தேன்.

அதற்கப்புறம் என்னிடம் பேசுவதில்லை. சாப்பாடு கடைக்குப் போகிறது, பாத்திரம் கழுவித் திரும்பி வருகிறது. நான் குறை சொல்லவில்லை. நீ எழுதினதில் அந்தக் கிணறு பற்றிய வரிகளை அடிக்காமல் விட்டது நல்லது. நான் கேட்க வேண்டியதுதான். மருந்தைப் பற்றி நீ கேட்டாயே, அன்றைக்கு அந்த யோசனை வரவில்லை.

அனுஷா பெட்டியிலிருந்த உன் கடிதங்களைப் பார்த்துவிட்டு, யாரும்மா ராஜமதி என்று கேட்டாள். அத்தை என்றேன். "எனக்கும் ஒரு அத்தை கீறாங்க" என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்தாள்.

ஒன்று கேட்கிறேன். ஏழு வருஷம் பனியில் கிடந்தது உயிரோடு இருக்குமா? பார்த்து எழுது.

ஜெயவதி


சென்னை,
14.8.2005

அண்ணி,

உயிரோடு இருக்கிறது.

எங்கள் லேப் காலியாகிவிட்டதால் பக்கத்து லேப்பில் இடம் கேட்டு வாங்கி, புட்டியிலிருந்து ஊசி முனை அளவு பனியைச் சுரண்டித் தட்டில் கோடு போட்டு, மனித உடம்பின் சூட்டில் இரண்டு நாள் வைத்தேன். நம்பிக்கையில்லாமல்தான் வைத்தேன். மூன்றாம் நாள் காலையில் கோடு முழுக்க வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். ரவை சிந்தின மாதிரி.

அன்றைக்கே அண்ணன் வந்தார். சொல்லிக்கொண்டு வரவில்லை. கோயம்பேட்டில் இறங்கி, விசாரித்து விசாரித்து வந்து, கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருக்கிறார் என்று வாட்ச்மேன் வந்து சொன்னார். ஓடினேன். தலை முழுக்க நரைத்துவிட்டது, ஒருவரும் எனக்குச் சொல்லவில்லையே. "உள்ள வரலாமா ராஜி?" என்று கேட்டார். கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு கேட்டார். எனக்குப் பத்தாம் நாள் வாசற்படி ஞாபகம் வந்தது, அவருக்கும் வந்திருக்க வேண்டும். இரண்டு பேரும் அங்கேயே நின்று அழுதோம். வாட்ச்மேன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

மன்னிப்பு என்றெல்லாம் அவர் ஒன்றும் கேட்கவில்லை. லேப்பில் ஸ்டூலில் உட்கார்ந்து, "அத்த காட்டு" என்றார். தட்டின் மூடியை லேசாகத் தூக்கினேன். குனிந்தார். நான் பத்து வருஷமாக இந்தத் தட்டுகளை முகர்ந்து, புளித்த வாசனை என்று நோட்டில் எழுதிவருகிறவள். அண்ணன் குனிந்தவர் நிமிரவே இல்லை. "பாலு குட்சிட்டு தோள்ல கக்குவானே ராஜி, அந்த வாசனைம்மா" என்றார்.

அண்ணி, அவர் உங்களோடு பேசுவார். கொஞ்ச நாள் ஆகும். எனக்கும் உங்களிடம் பழையபடி பேசக் கொஞ்ச நாள் ஆகும், இல்லை என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஆனாலும் தீபாவளிக்கு வருகிறேன். அனுஷாவுக்கு எந்த அளவில் கவுன் எடுப்பது என்று எழுதுங்கள். பெட்டியில் இருக்கும் மூன்று பொட்டலமும் எப்போதோ செத்திருக்கும். நான் வரும்வரை எறிய வேண்டாம்.

புட்டியை நான் கொல்லவில்லை. இப்படிப்பட்டவற்றைக் காலத்துக்கும் பாதுகாத்து வைக்கிற ஓர் இடம் இருக்கிறது, அங்கே ஒப்படைக்கிறேன். முறையாக, எல்லோருக்கும் தெரிந்து. என்றாவது யாராவது ஒழுங்காகச் சோதித்து, பயன்படுமா படாதா என்று சொல்லட்டும். அதற்கு ஒரு படிவம் நிரப்ப வேண்டும். எங்கிருந்து எடுக்கப்பட்டது என்ற இடத்தில் பழைய நோட்டில் இருந்ததையே எழுதியிருந்தேன். அண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டுகிற மாதிரி மெதுவாகப் படித்தார். ஆரோக்கியமான ஆண் குழந்தை, ஆறு மாதம், தாய்ப்பால் மட்டும், ஆரணி. முதல் மூன்று வார்த்தையைத் திரும்பவும் படித்தார். "இத்த இப்படியே உட்ருவியா?" என்று கேட்டார்.

அப்படியே விட்டுவிட்டேன், அண்ணி. நீங்கள் எடுத்துக் கொடுத்த அன்று அவன் நன்றாகத்தான் இருந்தான்.

ராஜி